புது நாட்டில் அடைத்துக்கொள்ளும் மூக்குக்கு ஏர் ப்யூரிஃபையர் எவ்வளவு உதவும்?

நாடு மாறி வந்த பிறகு படுக்கையறைக்கு என்று ஒரு ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டர்) ஏர் ப்யூரிஃபையர் வாங்கினேன், இங்கே உள்ள எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பிராண்டைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த வகையில் எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு விசிறி, முடியையும் பெரிய தூசியையும் பிடிக்க ஒரு வலை, அதற்குப் பின்னால் மடித்து மடித்து வைத்த ஹெப்பா ஃபில்டர், அதையொட்டி மெல்லிசாக ஒரு கரிப் படலம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகரந்தம், புகை, பூனை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் உங்களைப் படுத்துகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். மெத்தையில் குடியிருக்கும் தூசிப் பூச்சியோ, ஹீட்டர் போட்ட அறையின் வறட்சியோ, ஈரச் சுவரில் பூத்த பூஞ்சையோ காரணம் என்றால் இந்த மெஷின் ராத்திரி முழுக்க ஓடினாலும் காலையில் நீங்கள் தும்மிக்கொண்டேதான் எழுந்திருப்பீர்கள். அதனால்தான் மெஷினுக்குப் போவதற்கு முன், நாடு மாறும்போது மூக்குக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆகிறது என்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

வந்த புதிதில் பலருக்கு உடம்பு நன்றாகவே இருக்கும். முன்பு எந்தச் செடிக்கும் எந்தப் புழுதிக்கும் தும்மினோமோ அவை இங்கே இல்லை, இங்கே இருக்கிற மரங்களையும் புற்களையும் உடம்பு இன்னும் சந்திக்கவே இல்லை. அலர்ஜி முதல் சந்திப்பிலேயே வந்துவிடுவதில்லை. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப மூச்சில் இழுத்து, உடம்பு அதை ஆபத்து என்று தப்பாக முடிவுகட்டி, அதற்கென்றே ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் புரதத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த தடவை தும்மலும் கண் அரிப்பும் கிளம்பும். அதற்கு ஒன்றிரண்டு மகரந்தப் பருவமாவது ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். "வந்து இத்தனை நாள் ஒன்றும் இல்லையே, இப்போது மட்டும் ஏன்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறிய குழந்தைகளுக்கு அலர்ஜி நோய்கள் குறைவாக இருந்தன, ஆனால் 10 ஆண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தவர்களிடம் அது கூடியிருந்தது. ஆக, வந்தவுடன் கிடைக்கிற நிம்மதியை நிரந்தரம் என்று நம்பி மருந்தையும் இன்ஹேலரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தும்ம வைக்கும் மகரந்தமும் மாறும், மாதமும் மாறும். வட ஐரோப்பாவில் ஏப்ரல், மே மாதங்களில் பிர்ச் மரம். ஜப்பானில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சுகி என்கிற ஊசியிலை மரம். வட அமெரிக்காவில் ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து முதல் உறைபனி விழும் வரை ராக்வீட் என்கிற களைச்செடி. மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ். தெற்கு ஆஸ்திரேலியப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ரை புல். பழைய நாட்டில் எந்த மாதம் சளி பிடிக்கும் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கும், அது இங்கே சுத்தமாகச் செல்லாது.

இந்த ரை புல்லைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியே ஆக வேண்டும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரத்தில் மாலையில் ஓர் இடிமழை வந்தது. புல் மகரந்தம் உச்சத்தில் இருந்த நேரம். ஈரம் பட்டதும் மகரந்தத் துகள்கள் வெடித்து, நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்குகளாகி, மழைக்கு முன்னால் வீசும் காற்றோடு தரைமட்டத்துக்கு இறங்கின. அன்று இரவும் மறுநாளும் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு விட முடியாமல் மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை, வசந்த காலத்தில் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். அவர்களில் ஆசியாவிலிருந்து குடியேறியவர்களும் ஆசிய வம்சாவளியினரும் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட அதிகமாகவே இருந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அங்குள்ள விக்டோரியா மாநில அரசு புல் பருவத்தில் இடிமழை ஆஸ்துமாவுக்கென்றே முன்னறிவிப்பு தருகிறது. இதை எழுதும்போதே எனக்கு மனது பதைக்கிறது. "சும்மா தும்மல்தானே" என்று புது நாட்டில் அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். ஹெப்பா ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல், ஐரோப்பாவில் ஹெச் 13 என்று எழுதியிருந்தால் 99.95. இந்த 0.3 என்பதைப் பார்த்துவிட்டு அதைவிடச் சின்னது எல்லாம் தப்பித்துப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் பிடிப்பதற்கே கஷ்டமான அளவு அதுதான் என்பதால் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். அதைவிடச் சின்னத் துகள்கள் நேராகப் போகாமல் அங்கும் இங்கும் அலைபாய்ந்து இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன, பெரியவை நேராகவே மோதி நின்றுவிடுகின்றன. மகரந்தம் 20, 30 மைக்ரான், அதெல்லாம் இந்த ஃபில்டருக்கு ஒரு விஷயமே இல்லை.

கவனிக்க வேண்டியது ஃபில்டரின் சதவீதத்தைவிட மெஷின் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதைத்தான். அதற்கு சிஏடிஆர் என்று ஓர் எண் உண்டு, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் "இத்தனை சதுர மீட்டர் அறைக்கு" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று ஒரே ஒரு தடவை சுற்றினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கூட அப்படி எழுதுகிறார்கள். அலர்ஜிக்காரர்களுக்கு 5 தடவையாவது சுற்ற வேண்டும். 12 சதுர மீட்டர் அறை, உயரம் இரண்டரை மீட்டர் என்றால் 30 கன மீட்டர் காற்று, அதை ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 150. இந்த 150-ஐ மெஷின் எந்த வேகத்தில் தருகிறது என்று பாருங்கள். உச்ச வேகத்தில்தான் தருகிறது என்றால் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது, தூக்க வேகத்தில் வைத்தால் அதில் கொஞ்சம்தான் வரும். அதனால் அறைக்குத் தேவையானதைவிட ஒரு சைஸ் பெரியதாக வாங்கி, நடு வேகத்தில் ஓட்டுவதுதான் சரி. நான் அப்படித்தான் செய்கிறேன், அந்த வேகத்தில் ஒரு சாதாரண டேபிள் ஃபேன் சத்தம்தான்.

இப்போது இந்த மெஷினின் மிகப் பெரிய குறை, விளம்பரத்தில் எவரும் சொல்லாதது. ஆட்டோ மோட். முகப்பில் ஒரு விளக்கு இருக்கிறது, காற்று சுத்தம் என்றால் நீலம், மோசம் என்றால் சிவப்பு, அதற்கேற்றபடி விசிறி தானாக வேகம் மாற்றிக்கொள்ளும். மகரந்தப் பருவத்தில் ஒரு நாள், வெளியே கார் கண்ணாடியில் மஞ்சள் பொடி படிந்து கிடக்கிறது, எனக்குக் கண் இரண்டும் எரிகிறது, விளக்கு மட்டும் நீலமாகவே இருக்கிறது, விசிறி சுற்றுகிறதா இல்லையா என்றே தெரியாத வேகத்தில் ஓய்வெடுக்கிறது. அடுப்பில் எண்ணெய் காய ஆரம்பித்த அடுத்த நிமிடம் சிவப்புக்குத் தாவி அலறுகிறது. காரணம் எளிதுதான். உள்ளே இருக்கும் சின்ன லேசர் சென்சார் பிஎம் 2.5 வகையைச் சேர்ந்த, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழுமான நுண்துகளை எண்ணுவதற்கென்று செய்தது, மகரந்தம் மாதிரி பெரிய துகள் அதன் கணக்கில் சரியாக விழுவதே இல்லை. அதனால் மகரந்த மாதங்களில் ஆட்டோ மோடை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, நடு வேகத்தில் விடாமல் ஓட்டுங்கள். அப்படி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ராத்திரி மூக்கு திறந்தது. வெளியே போய்வந்த உடையைப் படுக்கையறைக்குள் கொண்டுவராமல், தலையை அலசிவிட்டுப் படுத்தால் பலன் இன்னும் நன்றாகத் தெரியும், தலைமுடியில் வருகிற மகரந்தம் நேராகத் தலையணைக்குத்தான் போகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அறை வறண்டுபோகிறது என்று அல்ட்ராசானிக் ஈரப்பதமூட்டி (தண்ணீரை அதிரவைத்துப் பனிமூட்டம் போலத் தெளிக்கிற வகை) வைத்தால் அது தண்ணீரில் உள்ள உப்புகளையும் சேர்த்து வெள்ளைப் பொடியாக அறையில் தூவும். ப்யூரிஃபையர் அதைத் தூசி என்று எண்ணி உச்ச வேகத்துக்குப் போகும், ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அது வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீரை ஆவியாக்கித் தருகிற வகையை வாங்குங்கள்.

தூசிப் பூச்சியிடம் இந்த மெஷின் தோற்றுப்போகிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னமோ அந்தப் பூச்சி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளத்திலும் வாழ்கிறது. அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் கழிவுதான், அது கனமான துகள், படுக்கையை உதறும்போது கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே திரும்ப உட்கார்ந்துவிடும். காற்றில் மிதக்காத ஒன்றைக் காற்றை இழுக்கிற மெஷின் எப்படிப் பிடிக்கும்? நாம் முகத்தை அதன் மேலேயே வைத்துத் தூங்குகிறோம். குளிருக்காகக் காற்றுப் புகாமல் இழுத்து மூடிய வீடு, சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன மெத்தை என்று இருக்கும் வாடகை அறைகளில் இதுதான் முதல் சந்தேகத்துக்குரிய ஆள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது, அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் பிழைக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் கிட்டத்தட்ட 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாவோஸ் ஊருக்கு ஆஸ்துமாக்காரர்களைச் சிகிச்சைக்கு அனுப்பியதற்கு ஒரு காரணம் அங்கே இந்தப் பூச்சி மிகக் குறைவு என்பதுதான். ஈரமான நாட்டிலிருந்து வறண்ட, உயரமான இடத்துக்குப் போகிறவர்களுக்கு மூச்சு லேசாவது இதனால்தான், வறண்ட இடத்திலிருந்து ஈரமான இடத்துக்குப் போகிறவர்களுக்கு நேர் எதிராகவும் நடக்கும்.

ஆக, ப்யூரிஃபையருக்கு முன்னால் உறையும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. அந்த மீட்டர் இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். குளிர் நாட்டில் வெளிக்காற்றில் ஈரம் குறைவு, அதை உள்ளே சூடாக்கும்போது ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக்கூட இறங்கிவிடும். மூக்கின் உட்தோல் காய்ந்து, எரிந்து, காலையில் லேசாக ரத்தம்கூட வரும். இது அலர்ஜியே கிடையாது, செட்டிரிசின் என்கிற அலர்ஜி மாத்திரைக்கும் கேட்காது, ஃபில்டருக்கும் கேட்காது. 40-லிருந்து 50-க்குள் ஈரப்பதத்தை வைத்துக்கொண்டு, மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரே போட்டால் போதும். உப்புநீர் ஊற்றி மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள், எந்த நாடாக இருந்தாலும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்.

பூனை விஷயத்தில் மெஷினுக்கு முழு மதிப்பெண். "எங்கள் வீட்டில் பூனையே இல்லையே" என்பீர்கள். முன்பு குடியிருந்தவர் வளர்த்திருக்கலாம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருந்து வரும் அந்தப் புரதம் மிக நுண்ணிய துகளோடு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், பூனை போன பிறகும் மாதக்கணக்கில் கம்பளத்திலும் சோபாவிலும் தங்கும், பக்கத்தில் உட்கார்ந்தவரின் கோட்டிலிருந்துகூட நம் வீட்டுக்கு வரும். மிதப்பதால்தான் ப்யூரிஃபையரால் பிடிக்கவும் முடிகிறது. அதேபோல் காட்டுத்தீப் புகை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு, பிஎம் 2.5-க்கு 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். புகை வரும் நாட்களில் வெளியே இது பல மடங்கு எகிறும், ஜன்னலைச் சாத்தி மெஷினை முழு வேகத்தில் விட்டால் உள்ளே எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நாட்களில் சென்சாரும் சரியாக வேலை செய்கிறது.

கரிப் படலத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். புது மரச்சாமான் வாடை, பெயிண்ட் வாடை எல்லாம் வாயு, அதை இழுக்கக் கிலோக் கணக்கில் கரி வேண்டும், இங்கே இருப்பது ஒரு துணி மாதிரி. ஜன்னலைத் திறப்பதுதான் வழி. அயனி, பிளாஸ்மா, ஓசோன் என்று பெயர் போட்டு விற்பதை, முக்கியமாக வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், தொடவே தொடாதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். இத்தகைய மெஷின்கள் வெளிவிடும் ஓசோனுக்கு கலிஃபோர்னியாவில் 0.050 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு) என்று சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. உங்கள் மாடலில் அயனி பட்டன் தனியாக இருந்தால் அதை அணைத்தே வையுங்கள்.

அப்புறம், இழுப்பு இருப்பவர்கள் தயவுசெய்து இதை மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இருமல், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் புது நாட்டில் மருத்துவரைப் பார்த்து அங்கே கிடைக்கும் இன்ஹேலரை எழுதி வாங்கிவிடுங்கள், பழைய நாட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்தது தீரும் வரை காத்திருக்க வேண்டாம். தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனையை இங்கே வந்த பிறகு ஒருமுறை செய்துகொள்வது நல்லது, அதில் இந்த நாட்டு மகரந்தங்கள் இருக்கும். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால்தான் முழுப் பலன். மூக்கடைப்பை உடனே திறக்கிற ஆக்ஸிமெட்டாசோலின் வகை ஸ்ப்ரேயைச் சில நாளுக்கு மேல் நீட்டினால் அதுவே திரும்ப அடைக்க ஆரம்பிக்கும்.

வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது மின்சாரமும் ஃபில்டரும். பழைய நாட்டிலிருந்து மெஷினைத் தூக்கி வராதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், வட அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220-லிருந்து 240 வரை, மாற்றிச் செருகினால் மோட்டார் போய்விடலாம். வோல்டேஜ் பொருந்தினாலும் அந்த மாடலுக்கான ஃபில்டர் இங்கே கிடைக்க வேண்டுமே. எனக்கு விற்றவர்கள் ஹெப்பாவைக் கழுவிக்கொள்ளலாம் என்றே சொன்னார்கள், கையேட்டில் கழுவக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்த இழைகள் கெட்டுவிடும், கழுவக்கூடியது முன்னால் இருக்கும் வலை மட்டும்தான். இப்படித் தெரியாமல் சொல்கிறவர்களிடம் வாங்கி ஃபில்டரைக் கெடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ என்று கோபமாக வருகிறது. வருடத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டியிருக்கும், அதனால் மெஷினோடு சேர்த்தே ஓர் உபரி ஃபில்டரையும் வாங்கி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து பாருங்கள், பல மாடல்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் பையில் சுற்றியபடியே உள்ளே இருக்கும், அதைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.